எதுவரைக்கும் பொறுப்பது? பழமொழியோடு வேலையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்தித்தாளின் சிறுவர் பகுதியிலும், நாட்காட்டித் தாளிலும், பள்ளிச் சுவரிலும் பழமொழிகள் இடம்பெறுவது நல்ல வழக்கம். ஆனால் பொறுமையைப் பற்றிய பழமொழிகளை நாம் அச்சிடும் முறையில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'பொறுமை' என்று தலைப்பு வைத்து, 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை', 'பதறாத காரியம் சிதறாது', 'பையத் தின்றால் பனையையும் தின்னலாம்' என்று வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் எதிரே 'பொறுமையாக இருக்க வேண்டும்' என்று எழுதிவிடுகிறோம். பத்துப் பழமொழிக்கும் பொருள் ஒன்றுதான் என்றால் ஒரு பழமொழியே போதுமே. பத்து எதற்கு?

கொங்கு நாட்டின் அடுப்படியிலும் தோட்டத்திலும் காட்டிலும் இவை சொல்லப்படும் இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். எதற்காகப் பொறுப்பது, எந்த அடையாளம் தெரியும்வரை பொறுப்பது, முந்தினால் எது கெடும், பிந்தினால் எது கெடும் என்பதெல்லாம் அந்தந்த வேலைக்குள் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்தால், கெடு இல்லாத பொறுமைதான் மிஞ்சுகிறது. கூலி பாக்கி கேட்பவரிடமும், புகுந்த வீட்டில் துன்பப்படும் பெண்ணிடமும் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லி வாயடைக்க அது வசதியாகப் போகிறது. 'பொங்கினார் காடாள்வார்' என்பது அதன் பின்பாதி. கோபத்தில் பொங்குவதைத்தான் அது தடுக்கிறது. நியாயம் கேட்பதைத் தடுக்கவில்லை. சினத்தை அடக்குவதும் பக்குவத்துக்குக் காத்திருப்பதும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் கலக்கக் கூடாது. இக்கடிதத்தில் நாங்கள் எழுதுவது காத்திருப்பதைப் பற்றித்தான்.

முதலில் 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை'. நம் வீடுகளின் அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் துவரம்பருப்பு, மூன்று முதல் மூன்றரை டம்ளர் தண்ணீர். தாளித்து வேகவிட்டு இறக்கிய பிறகு பத்து நிமிடமாவது மூடி வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மேலே நிற்கும் ஆவியும் அடியில் நிற்கும் ஈரமும் சமமாகின்றன. உடனே திறந்து கரண்டியைப் போட்டுக் கிளறினால், வெந்த அரிசியின் மேல்புறம் இன்னும் இளகியிருப்பதால் பருக்கை உடைந்து குழைந்துவிடும். அடி ஈரமாகவும் மேல் வறண்டும் இருக்கும். ஆக்குவதற்கு அரை மணி நேரம் நின்றவர் கடைசிப் பத்து நிமிடத்தில் கெடுப்பதைத்தான் பழமொழி சொல்கிறது. கை சுடும், நாக்கு சுடும் என்பது அதற்கு அடுத்தது.

இதே பழமொழியை ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கும் சொல்லலாம். அங்கே அதன் கெடு நிமிடக் கணக்கைத் தாண்டி நாள் கணக்காகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளுக்கு நடவிலிருந்து வெட்டுவரை ஏறத்தாழ எட்டு, ஒன்பது மாதம். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில் வெட்டு. தாள் (மண்ணுக்கு மேலுள்ள இலையும் தண்டும்) மஞ்சளாகிக் காய்ந்து சாய்வதுதான் அடையாளம். விலை நன்றாக இருக்கிறது என்று தாள் பச்சையாக இருக்கும்போதே வெட்டினால், கிழங்கில் நீர் மிகுதியாக இருப்பதால் காய்ந்தபின் சுருங்கி எடை இழக்கும்.

வெட்டிய பிறகு பொறுமைக்கு இடமில்லை. இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். தாய்க்கிழங்கையும், அதிலிருந்து விரல்போல் கிளைத்த விரலியையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். தடிமன் வேறு என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. கொப்பரையில் மஞ்சள் மூழ்கி, அதற்கு மேல் மூன்று நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் நுரை பொங்கும், வெள்ளை ஆவி எழும், மஞ்சள் வாசம் அடிக்கும். அப்போது ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், ஈர்க்குச்சி குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். இந்த வேலைக்குப் பொருந்துவது 'வெந்தது போதும், முந்தானையில் கொட்டு' என்ற பழமொழி. அவசரக்காரரின் வாயில் வைத்துச் சொல்லப்படும் கேலி அது. பாதி வெந்ததை இறக்கினால் காய்ந்த பிறகு எளிதில் நொறுங்கும், உள்ளே நிறம் ஒரே சீராகப் பரவியிருக்காது. அதற்காக நீண்ட நேரம் வேகவிட்டாலும் கேடுதான், நிறம் கெட்டுப்போகும். இன்று பெரும்பாலும் ஆவியில் வேகவைக்கிறார்கள். நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை மாறவில்லை.

அடுத்தது காயவைப்பது. களத்தில் இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, பத்து முதல் பதினைந்து நாள். சீக்கிரம் காயட்டும் என்று மெல்லிசாகப் பரப்புபவர்கள் உண்டு. வெயில் நேராகத் தாக்கி மேல்நிறம் வெளுப்பதுதான் பலன். இரவில் குவித்து மூட வேண்டும், பனியோ மழையோ படக் கூடாது. ஒடித்தால் 'டக்' என்ற உலோக ஓசையோடு முறிவதுதான் முடிவுக்கு அடையாளம். ஓசை வராததை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நூறு கிலோ பச்சை மஞ்சளுக்கு ஏறத்தாழ இருபது கிலோ காய்ந்த மஞ்சள்தான் தேறும். மீதி எண்பது கிலோவும் பெரும்பாலும் தண்ணீர். அது போவதற்கு வேண்டிய காலத்தைத்தான் 'ஆறப் பொறு' என்கிறோம். இவ்வளவு செய்தி உள்ள ஒரு வாக்கியத்துக்கு 'பொறுமை நல்லது' என்று பொருள் எழுதினால் அது பழமொழிக்குச் செய்யும் அநீதி.

பொறுக்கவே கூடாத இடங்களுக்கும் தமிழில் பழமொழி உண்டு. அவற்றைப் பொறுமைப் பட்டியலின் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். 'ஆறிய கஞ்சி பழங்கஞ்சி' என்பது அப்படி ஒன்று. இடியாப்பம்போல் இழையாகப் பிழியும் நம் சந்தகையைப் பாருங்கள். புழுங்கலரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, நைசாக ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சுடச்சுடச் சந்தகைப் படியில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறவிட்டால் மாவு இறுகிவிடும். எவ்வளவு பலம் கொடுத்து அழுத்தினாலும் இழை இறங்காது, இறங்கினாலும் அறுந்து அறுந்து விழும். ஒரே அடுப்படியில், ஒரே அரிசியில், ஒன்றுக்கு 'ஆறப் பொறு', இன்னொன்றுக்கு 'ஆறவிடாதே'. குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் பழமொழிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்ற குழப்பம் வராது.

இனி, 'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்'. இதைச் சலிப்பாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பனை வைத்து என்ன பயன் என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் இது கணக்கு. நெட்டை ரகத் தென்னை ஆறேழு ஆண்டில் காய்க்கத் தொடங்கும், குட்டை ரகம் மூன்று நான்கு ஆண்டில். பனைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டும், வறண்ட நிலத்தில் அதற்கு மேலும் ஆகும். நடுவயதில் தென்னை வைப்பவர் காய் தின்பார். அதே வயதில் பனை வைப்பவர் மரத்தைப் பார்க்கலாம், நுங்கை அடுத்த தலைமுறை தின்னும். பொள்ளாச்சியில் தென்னையும் தாராபுரம், காங்கயம் பக்கத்துக் காடுகளில் பனையும் நின்றதற்குத் தண்ணீர் ஒரு காரணம் என்றால், யாருக்காக வைக்கிறோம் என்ற கணக்கு இன்னொரு காரணம்.

பனை விதைப்புக்கு ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிளம்பியிருக்கும் காலம் இது. தமிழக அரசின் 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே 76 லட்சம் பனை விதை வழங்கும் திட்டம் இடம்பெற்றது. நல்லது. ஆனால் பனையின் பொறுமை எப்படிப்பட்டது என்று தெரியாமல் விதைப்பதால் பல விதைகள் வீணாகின்றன. ஆவணி முதல் ஐப்பசி வரை விழும் பழத்தின் கொட்டையை ஊன்றினால், முளை மேலே வருவதற்கு முன் கீழே போகிறது. ஒரு முளைக்குருத்து மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் கிழங்கு பருக்கிறது. தைப் பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். பல மாதம் கழித்துத்தான் முதல் ஓலை தரைக்கு மேல் தெரியும், தண்டு தெரியவோ பல ஆண்டு ஆகும். இந்த இடைவெளியில் மூன்று வகையில் பனை அழிகிறது. முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பவர் குருத்தை முறித்துவிடுகிறார். வேறிடத்தில் நடலாம் என்று பிடுங்குபவர் ஆழப் போன வேரை அறுத்துவிடுகிறார். குளத்துக் கரையில் ஊன்றியது கண்ணுக்குத் தெரியாததால், அடுத்த ஆண்டு கரையைப் பலப்படுத்த வரும் இயந்திரம் வாரிக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே நிலையாக நிற்கப்போகும் இடத்திலேயே, பத்தடிக்கு ஒன்றாக விதையை ஊன்ற வேண்டும். ஒவ்வொரு விதைக்கும் பக்கத்தில் ஓர் அடையாளக் குச்சி, ஊராட்சிப் பதிவேட்டில் எந்தக் கரையில் எத்தனை என்ற குறிப்பு, முதல் சில ஆண்டுக்கு ஆடுமாடு மேயாமல் முள் அடைப்பு, இவ்வளவும் சேர்ந்தால்தான் விதைப்பு முழுமையாகும். ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதனால் எல்லாம் நுங்கு தரும் என்று எண்ணாமல் கூடுதலாகவே ஊன்ற வேண்டும். அதே கொட்டையைக் கிழங்குக்காகப் பாத்தியில் அடுக்குபவருக்கோ பொறுமை மூன்று நான்கு மாதம்தான். பொங்கல் தாண்டினால் கிழங்கில் நார் ஏறித் தின்னச் சுவைக்காது. ஒரே விதைக்கு இரண்டு கெடு. பனையைப் பற்றிய பழமொழியை அச்சிடும்போது இந்த இரண்டு கெடுவையும் சேர்த்து அச்சிட்டால், அடுத்த பனை விதைப்பு முகாமுக்கே அது கையேடாகும்.

'பையத் தின்றால் பனையையும் தின்னலாம்' என்பதன் நேரடிப் பாடம் காங்கயம் வட்டாரத்துக் கொறங்காட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏர் பூட்டாமல், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, சுற்றிலும் கிளுவை வேலியோடு இருக்கும் மேய்ச்சல் காடு அது. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை கிடைக்கும் மண்ணில் காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் வளர்த்தெடுத்தது இந்த முறைதான். காட்டைப் பல பட்டிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றை ஆறவிடுவார்கள். மழை பெய்து புல் பச்சை கட்டியதும் பண்டங்கன்றுகளை இறக்கிவிடத் தோன்றும். அங்கேதான் பொறுக்க வேண்டும். வேர் பிடிக்காத இளம்புல்லை மாடு இழுத்தால் தூரோடு வந்துவிடும். கதிர் விட்டு, விதை முற்றி, ஒரு பகுதி உதிர்ந்த பிறகு மேயவிட்டால் அடுத்த மழைக்கு மண்ணிலேயே விதை இருக்கும். தரையோடு சிரைக்க விடாமல் தூர் நிற்கும்போதே அடுத்த பட்டிக்கு மாற்ற வேண்டும். புதுக் காட்டில் கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நட்டால் அது நெருங்கி வேலியாகச் சில ஆண்டு பிடிக்கும். அதுவரை முள் அடைத்துக் காக்க முடியாதவர்கள் கம்பி வேலிக்குப் போய்விடுகிறார்கள். கம்பி துருப்பிடிக்கும், கிளுவை ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும். இந்தக் காடுகள் மனைகளாக மாறிவருவது எங்களுக்கு ஆழ்ந்த வருத்தம். பழமொழி மட்டும் மிஞ்சிக் காடு போனால் அதன் பொருளை எங்கே போய்க் காட்டுவது?

'தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா?' என்பதற்கு இன்றைய வாழைமண்டிதான் விளக்கம். கோபி, சத்தியமங்கலம், பவானிப் பக்கத்து வாழைத்தாரை வெட்ட, காயின் பட்டை மழுங்கி உருளும் பருவம் வர வேண்டும். முன்னாலேயே வெட்டியதை எதைக்கொண்டு பழுக்கவைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும், உள்ளே சதை கட்டியாகவும் துவர்ப்பாகவும் நிற்கும். கார்பைடு கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் அதைப் பயன்படுத்துவதற்குச் சட்டப்படி தடை உண்டு. எத்திலீன் வாயுவுக்கு, பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுவரை அனுமதி உண்டு. அந்த வாயுவும் முற்றிய காயில்தான் வேலை செய்யும். ஒரு நாள் வாயு கொடுத்து, அறையைத் திறந்து காற்று மாற்றி, குளிர்ச்சியில் நான்கைந்து நாள் விட்டால் சீராகப் பழுக்கும். பழமொழி மரத்தில் பொறுக்கச் சொல்கிறது. மண்டியில் விரைவுபடுத்துவதை அது மறுக்கவில்லை. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

வெண்ணெய்க்குப் பேர்போனது ஊத்துக்குளி. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்பது கடைசிக் கட்டத்தின் பதற்றத்தைப் பற்றியது. தயிரைக் காலைக் குளிர்ச்சியில் கடைய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் திரளாமல் எண்ணெய்ப்பசையாக நிற்கும், அப்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மணிமணியாகத் தெரிந்ததும் வேகத்தைக் குறைப்பதுதான் பக்குவம். அந்த நேரத்தில் வலித்துக் கடைந்தால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும், வெண்ணெய் விரைவில் சிக்கடித்துப் போகும்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை வாய்ப்பைத் தவறவிடாதே என்று மட்டும் விளக்குகிறோம். களத்து வேலை தெரிந்தவருக்கு அதில் காத்திருப்பும் அடக்கம். கதிர் அடித்த உடனே தூற்ற முடியாது. தூசியும் சண்டும் காயாமல் ஈரமாக இருந்தால் தானியத்தோடு சேர்ந்தே விழும். காய்ந்த பிறகு காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். மெல்லிய காற்றில் பதர் பிரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் பெருங்காற்றிலோ பதரோடு பாதி முற்றிய தானியமும் பறந்துவிடும். நடுத்தரமான காற்று எழும் அந்தச் சில நாழிகைக்குள் முறத்தை எடுத்துவிட வேண்டும். காத்திருந்தவர்தான் தூற்ற முடியும், தூங்கியவர் முடியாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நம் மானாவாரிக் காடுகளில் புரட்டாசி, ஐப்பசிதான் முக்கிய விதைப்பு. ஆடியில் விதைத்தே தீர வேண்டும் என்று இங்குள்ள குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது, இன்னொரு ஊரின் கெடுவை நம் மண்ணில் வைப்பதாகும்.

தமிழ்ப் பழமொழிகளைப் பெருமளவில் அச்சில் திரட்டியவர்களில் பீட்டர் பெர்சிவலுக்கும் ஹெர்மன் ஜென்சனுக்கும் நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். 1874-இல் பெர்சிவல் அச்சிட்டவை ஆறாயிரத்துக்கும் மேல். 1897-இல் ஜென்சன் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்தார். அவர்கள் திரட்டியிராவிட்டால் பல அழிந்திருக்கும். ஆனால் அகரவரிசையும் பொருள்வரிசையும் வேலையைக் காட்டாது. அதைச் சேர்ப்பது ஊரில் இருக்கும் நம் கடமை. வேறு நாட்டுப் பழமொழிகளை வெளியிடும்போதும் இதே கவனம் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கானாவின் அகான் மக்கள், பொறுமையோடு அறுத்தால் எறும்பின் குடலையும் பார்க்கலாம் என்பார்கள். அதற்கு எதிரே வெறும் 'பொறுமை' என்று எழுதினால், கை நடுங்காமல் நுணுக்கமாகச் செய்யும் வேலைக்குச் சொன்னது என்பது காணாமல் போய்விடும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. வாரத்துக்குப் பத்துப் பழமொழி அச்சிடுவதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றை, நூறு சொல்லுக்குள் ஒரு குறிப்போடு வெளியிடுங்கள். அந்தப் பழமொழி எந்த ஊரில், எந்த வேலையின்போது சொல்லப்படுகிறது, பொறுத்தது போதும் என்பதற்கு என்ன அடையாளம், முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்று குறிப்பில் இருக்கட்டும். வட்டார வழக்கை அப்படியே விடுங்கள், ஏட்டுத் தமிழுக்குத் திருத்த வேண்டாம். எதிர்ப் பழமொழி உண்டென்றால் கீழேயே சேருங்கள். பள்ளி மாணவர்களை இதற்கு அனுப்பலாம். அவர்கள் பெரியவர்களிடம் 'பொறுமைக்கு ஒரு பழமொழி சொல்லுங்கள்' என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் உள்ளதே திரும்பி வரும். மஞ்சள் வேகும் இடத்திலும், களத்திலும், ஆட்டுப்பட்டியிலும் நின்று 'எப்போது இறக்குவீர்கள், ஏன் இப்போதே இல்லை?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலில் பழமொழி தானாக வந்து விழும். சொன்னவரின் வயதையும் தொழிலையும் குறித்துக்கொள்ளட்டும், அவர் விரும்பாமல் பெயரை வெளியிட வேண்டாம்.

தை பிறந்தால் மஞ்சள் வெட்டு தொடங்கும். அந்த வாரத்திலேயே 'வெந்தது போதும், முந்தானையில் கொட்டு' என்பதை, கொப்பரையின் நுரையும் ஈர்க்குச்சி இறங்கும் விரலியும் தெரியும் படத்தோடு முதல் பழமொழியாக வெளியிட்டால், படிப்பவருக்கு அப்போதே பயன்படும். குறிப்பு எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். தை முதல் நாளுக்குள் முதல் நான்கு குறிப்புகள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
பழமொழி தொகுக்கும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்.